திப்பு சுல்தான்

திப்பு சுல்தான் (நவம்பர் 20, 1750 – மே 4, 1799) 1782 முதல் 1799 வரை மைசூர் அரசை ஆண்டவர் ஆவார். ஐதர் அலியின் மூத்த மகனான இவர் மைசூர்ப் புலி எனவும் அழைக்கப்படுகிறார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நடந்த நான்கு மைசூர்ப் போர்களிலும் பங்கேற்றார். இரும்புக் குழாய் ஏவுகணைகளும் புலிச் சின்னம் பொறித்த துப்பாக்கிகளும் இவர் காலத்து மைசூர்த் தொழில்நுட்பத்தின் அடையாளங்கள் ஆகும். இன்றைய கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதி இப்போர்களில் மீண்டும் மீண்டும் களமாக இருந்தது.

பிறப்பும் இளமையும்

திப்பு பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஅள்ளியில் பிறந்தார். தாயார் பாத்திமா பக்ருன்னிசா. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்ற இறைநேசரின் பெயரே இவருக்குச் சூட்டப்பட்டது. முதல் மைசூர்ப் போரின்போது (1767–1769), பதின்வயதிலேயே குதிரைப்படையுடன் சென்னையின் சுற்றுப்புறம் வரை வந்து கம்பெனியாரை அச்சுறுத்தினார்.

அதே போரில் 1768-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை கம்பெனியிடம் வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஐதர் ஓசூரை முற்றுகையிட்டார். ஓசூரை மீட்க வந்த ஆங்கிலேயத் தளபதி வுட், பாகலூரில் விட்டுச்சென்ற பெரும்பீரங்கிகளை ஐதர் கைப்பற்றினார்.

ஆயுதத் தொழிற்கூடங்கள்

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் நடந்த சண்டையில், மைசூர்ப் படையின் ஏவுகணைகள் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகளைத் தீப்பற்றச் செய்தன எனக் கூறப்படுகிறது. பெய்லியின் படை சரணடைந்தது. அக்கால ஐரோப்பாவில் ஏவுகணைக் கூடுகள் தாளால் அல்லது அட்டையால் செய்யப்பட்டன. மைசூரில் மெல்லிரும்புக் குழாயைப் பயன்படுத்தினர். இரும்புக் கூடு உயர்ந்த அழுத்தத்தைத் தாங்குவதால் கூடுதல் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. உந்துவிசையும் வீச்சும் அதிகரித்தன. குழாயுடன் நீண்ட மூங்கில் கழியைக் கட்டி ஏவினர். குறி துல்லியமாக இராது. ஆனால் நெருங்கி அணிவகுத்து நிற்கும் படையைக் கலைக்கத் துல்லியம் பெரிதும் தேவைப்படவில்லை.

1782 டிசம்பரில் ஐதர் மறைந்தபின் திப்பு ஆட்சிக்கு வந்தார். சைனுல் ஆபிதீன் சூஸ்தரி எழுதிய பத்குல் முசாகிதீன் என்னும் படைநூல், ஒவ்வொரு குசூன் எனும் படைப்பிரிவுக்கும் 200 ஏவுகணை வீரர்களை ஒதுக்கியது. சீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், பிதனூர் ஆகிய இடங்களில் தொழிற்கூடங்கள் இயங்கின. 1788-இல் இவருடைய தூதர்கள் வெர்சாய் சென்று பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைச் சந்தித்தனர். படை உதவியோடு கைவினைஞர்களையும் அவர்கள் கேட்டது குறிப்பிடத்தக்கது. படை உதவி கிட்டவில்லை. கைவினைஞர்கள் சிலர் மட்டும் வந்தனர்.

மைசூர்க் கைத்துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல்லால் இயங்குபவை. கல்லைப் பற்றியிருக்கும் குதிரையை வலிய வில்தகடு ஒன்று முன்னோக்கித் தள்ளும். உள்ளே ஒரு சிறு நெம்புகோல் பள்ளத்தில் பொருந்தி அதைத் தடுத்து நிறுத்தும். விசையை இழுத்தால் நெம்புகோல் பள்ளத்திலிருந்து விலகும், கல் எஃகில் உரசித் தீப்பொறி எழும். பள்ளம் ஆழமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் விசை கனத்துக் குறி தவறும். மிக ஆழமற்றதாக இருந்தால் அதிர்விலேயே வெடித்துவிடும். இந்த நுண்ணிய அளவை அக்காலக் கொல்லர் அரத்தைக் கொண்டு கையால்தான் தீர்மானித்தார். இணையாகச் செய்யப்பட்ட சில துப்பாக்கிகளில் ஒன்றுக்கு வலப்புறமும் மற்றதற்கு இடப்புறமும் விசைப்பூட்டு அமைக்கப்பட்டது. கண்ணாடிப் பிம்பம் போன்ற அத்தகைய பூட்டுக்கு ஒவ்வோர் உறுப்பையும் தனியே வடிக்கவேண்டும் என்பதை எண்ணினால் அக்கொல்லர்களின் திறன் விளங்கும். நபிகளின் பிறப்பிலிருந்து கணக்கிடும் மௌலூதி ஆண்டும் இத்துப்பாக்கிகளில் பொறிக்கப்பட்டது.

பாராமகால் இழப்பு

மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 சூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் கம்பெனி வசமாயின. நவம்பரில் மாக்சுவெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். பேட்டை வீழ்ந்தது, மலைக்கோட்டை வீழவில்லை. எனினும் 1792 மார்ச்சு உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் ஏறத்தாழ பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்தவும், இரு மகன்களைப் பிணையாக அனுப்பவும் நேர்ந்தது. கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கம்பெனிக்குச் சென்றது. மலைக்கணவாய்க்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி மட்டும் திப்புவிடம் எஞ்சியது. பாராமகாலில் ரீடும் தாமசு மன்றோவும் மேற்கொண்ட நிலவரிப் பணியிலிருந்தே பின்னாளைய இரயத்துவாரி முறை உருவானது.

தொழிற்கூடங்கள் திப்புவின் கையில்தான் இருந்தன. வாயில் பிறர் கைக்குப் போய்விட்டது. ஆயுதத்தில் பின்தங்கியதால் இவர் தோற்றார் என்று கூறுவதற்கில்லை. 1799 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் தளபதி ஆரிசு பாராமகால் வழியே இராயக்கோட்டை வந்து மைசூர் எல்லைக்குள் புகுந்தார். மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் நடந்த சண்டையில் திப்பு கொல்லப்பட்டார். ஓசூர்ப் பகுதி அவ்வாண்டே கம்பெனி ஆட்சியில் சேர்ந்தது. இவருடைய மகன்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

குடகு, மலபார் படையெடுப்புகளிலும் மங்களூர்க் கத்தோலிக்கரிடத்தும் திப்பு கையாண்ட கடுமை பற்றி வரலாற்றாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. கோயில்களுக்கும் சிருங்கேரி மடத்துக்கும் இவர் அளித்த கொடைகளும் ஆவணங்களில் உள்ளன.

ஏவுகணைகளின் பிற்காலம்

கைப்பற்றப்பட்ட ஏவுகணைகள் சில இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் 1804 முதல் ஆய்வுகள் செய்து உருவாக்கிய ஏவுகணைகள் 1807-இல் கோபனேகன் மீது வீசப்பட்டன. திப்புவின் துப்பாக்கிகள் பல பிரித்தானியச் சேகரிப்புகளில் உள்ளன. 2018-இல் சிமோகா மாவட்டம் நகராவில், அதாவது பழைய பிதனூரில், பாழ்கிணறு ஒன்றிலிருந்து 1,000-க்கும் மேற்பட்ட இரும்பு ஏவுகணைக் கூடுகள் சேற்றோடு தோண்டி எடுக்கப்பட்டன.