தீயைத் தீயால் தடுத்த துரை

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிறது கிணத்துக்கடவு. அங்கே பொன்மலை என்று ஒரு சிறு குன்று. அதன்மேல் வேலாயுதசாமி கோயில். வானம் தெளிந்த நாளில் படியேறித் தெற்கே பார்த்தால், ஆனைமலைத் தொடர் நீலமாகத் தெரியும்.

கோடை வருவதற்கு முன்பே அந்த மலைக்காடுகளில் வன இலாகா ஆட்கள் ஒரு வேலையை முடித்து விடுவார்கள். காட்டுக்குள் நீளமாக ஒரு பட்டையை ஒதுக்குவார்கள். அதிலுள்ள புல்லையும் சருகையும் அறுத்துக் காயப்போட்டு, தாங்களே தீ வைத்து எரிப்பார்கள். பிறகு பங்குனி வெயிலில் எங்கிருந்தாவது காட்டுத்தீ பரவி வந்தால், அந்தக் கரிந்த பட்டைக்கு வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். இதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர்.

காட்டைக் காப்பாற்றக் காட்டிலேயே தீ வைப்பதா? பட்டணத்துக்காரருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். வரப்புப் புல்லைக் காற்றுப் பார்த்துக் கொளுத்தும் விவசாயிக்கு வேடிக்கையாகத் தோன்றாது. மலைவாசிகளுக்கோ இது பாட்டன் காலத்து வித்தை. அந்த வித்தை சர்க்கார் வேலையாகவும் பள்ளிக்கூடப் பாடமாகவும் ஆனதற்குப் பெரும் காரணம் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு தாவர நூல் ஆசிரியர். அவர் பெயர் டீட்ரிச் பிராண்டிஸ்.

கல்யாணம் காட்டிய வழி

பிராண்டிஸ் 1824-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ரைன் நதிக்கரையில் உள்ள பான் நகரில் பிறந்தார். தந்தை தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டு மன்னருக்கு ஆலோசகராகத் தந்தை ஆதென்ஸ் நகருக்குப் போனபோது, சிறுவனான மகனும் கூடப் போனான். பிறகு பல ஊர்களில் படித்து, 1849-ல் பான் சர்வகலாசாலையில் தாவர நூல் கற்பிக்கத் தொடங்கினார். அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர்தான்.

1854-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் ரேச்சல், வங்காளத்தில் உள்ள சீராம்பூரில் அச்சுக்கூடமும் கல்லூரியும் நடத்திய பாதிரியார் ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். ரேச்சலின் சகோதரி, ஹேவ்லாக் என்ற பெரிய ராணுவ அதிகாரியின் மனைவி. இந்த உறவின் வழியாகப் பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்கு எட்டியது. பர்மாக் காடுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார் டல்ஹௌசி.

1856-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிராண்டிஸ் பர்மாவில் வேலை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

மூங்கிலில் கீறிய கணக்கு

பர்மா தேக்கின் பெருமையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைப் பார்த்தாலே போதும். அந்த நாளில் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். ரெயில் பாதைக்கும் மரம் வேண்டும். 1852-ம் ஆண்டுப் போரில் பெகு நாடு வெள்ளையர் கைக்கு வந்தது. அதற்கு முன்பே அவர்கள் பிடித்திருந்த தெனாசரிம் பகுதியில், மோல்மீன் மர வியாபாரிகள் தேக்கை வெட்டித் தீர்த்திருந்தார்கள். பெகுவுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்பதுதான் சர்க்காரின் கவலை.

எத்தனை மரம் இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? பிராண்டிஸ் யானைமேல் ஏறிக் காடு காடாகப் போனார். ஓயாத மழையில் காகிதம் நனைந்து போகும். ஆகவே கையில் மூங்கில் துண்டுகளை வைத்துக்கொண்டார். மரத்தின் பருமனுக்கு ஏற்ப ஒவ்வொரு துண்டு. தேக்கைக் கண்டால் அதற்குரிய துண்டில் கத்தியால் ஒரு கீறல். மாலையில் கூடாரத்தில் கீறல்களை எண்ணினால் அன்றைய கணக்கு வந்துவிடும்.

இரண்டாந்தர மரம் முதல் தரமாகப் பருக்க ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார். ஆகவே வெட்டும் பருவத்தில் உள்ள மரங்களில் ஓர் ஆண்டுக்கு இருபத்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்றார். வட்டியைச் செலவழிக்கலாம், முதலைத் தொடக் கூடாது என்ற கணக்கு இது. ரங்கூன், மோல்மீன் வியாபாரிகள் கொதித்தார்கள். அவர் விட்டுக் கொடுக்கவில்லை.

கரேன் மக்களின் தீ

மரத்துக்கு எதிரி கோடரி மட்டும் அல்ல, தீயும்தான் என்று அந்தக் கால அதிகாரிகள் நினைத்தார்கள்.

பர்மா மலைகளில் கரேன் என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மலைச்சரிவில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, பனிக்காலத்தில் மரம் செடிகளை வெட்டிப் போடுவார்கள். வெயிலில் அது சுக்காகக் காயும். மழைக்குச் சற்று முன்னால், ஏப்ரல் மாதத்தில் தீ வைப்பார்கள். சாம்பலே உரம். முதல் மழையில் நெல் விதைப்பார்கள். ஓர் அறுவடை முடிந்ததும் அந்த நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு, அடுத்த சரிவுக்குப் போவார்கள். பர்மா மொழியில் இதற்குத் தாங்யா என்று பெயர். தாங் என்றால் மலை. யா என்றால் வயல். நம் பக்கத்து மலைகளில் குமரி என்று சொன்னது இதைத்தான்.

சென்னை சர்க்கார் 1860-ம் ஆண்டு வாக்கில் குமரி சாகுபடியை ஒடுக்கத் தொடங்கியது. பர்மாவிலும் அதே எண்ணம்தான் இருந்தது. ஆனால் மலைமக்களைத் தடுத்தால் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? தடுக்கப் போதிய சிப்பந்திகளும் இல்லை.

பிராண்டிஸ் அந்தத் தீயைக் கவனித்துப் பார்த்தார். கரேன் விவசாயி கண்ணை மூடிக்கொண்டு கொளுத்தவில்லை. எப்போது வெட்டுவது, எத்தனை நாள் காயவிடுவது, எந்தக் காற்றில் கொளுத்துவது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. எரிந்த நிலத்தில் களை குறைவு, வெளிச்சம் அதிகம். தேக்குக் கன்றுக்கும் அவை இரண்டும்தானே வேண்டும்?

நெல்லோடு சேர்த்துத் தேக்கையும் நட்டால் என்ன என்ற யோசனை அப்படிப் பிறந்தது. கரேன் குடும்பம் வழக்கம்போல வெட்டிக் கொளுத்தி நெல் விதைக்கலாம். இடையிடையே வரிசையாகத் தேக்கும் நட வேண்டும். நெல்லுக்குக் களையெடுக்கும்போது தேக்குக்கும் களையெடுத்தாகிவிடும். குடும்பம் அடுத்த சரிவுக்குப் போனபின் தேக்கு அங்கே வளரும். உயிரோடு இருக்கும் கன்றுகளை எண்ணி இலாகா பணம் கொடுக்கும். 1860-களின் பிற்பகுதியில் இந்தத் தோட்டங்கள் வேரூன்றின. தாங்யா என்ற சொல் பிற்காலத்தில் ஆப்பிரிக்கா வரை போயிற்று.

சர்க்காருக்கு இது நல்ல பேரம். மலைமக்களுக்கு அப்படி இல்லை. தேக்கு நட்ட சரிவில் அவர்கள் மறுபடி நெல் விதைக்க முடியாது. குத்தகைக்காரன் தன் கையாலே தென்னை வைத்துக் கொடுத்துவிட்டு, அந்த நிலத்தை விட்டு வெளியேறுவது போன்றது இது.

சட்டமும் பள்ளிக்கூடமும்

1864-ம் ஆண்டு இந்தியக் காடுகள் முழுவதற்கும் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகப் பிராண்டிஸ் நியமிக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டுதான் ரேச்சல் காலமாகியிருந்தார்.

அந்தச் சமயத்தில் மத்திய மாகாணத்தில் போரி என்ற காட்டைக் கேப்டன் பியர்சன் என்ற அதிகாரி தீயிலிருந்து காப்பாற்றிக் காட்டினார். இந்தியக் கோடையில் காட்டுத்தீயைத் தடுக்கவே முடியாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பிராண்டிஸ் அந்த முறையை மற்ற இடங்களுக்கும் பரப்பினார்.

முறை இதுதான். புல் பாதி காய்ந்திருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். முற்றிலும் காய்ந்துவிட்டால் தீ அடங்காது. பட்டையின் இரண்டு ஓரங்களையும் முதலில் செதுக்கிச் சுத்தமாக்க வேண்டும். பனி இருக்கும் நேரமும் காற்று அடங்கிய நேரமும் நல்லவை. சரிவில் அடியிலிருந்து வைத்தால் தீ பாய்ந்து ஏறும்; மேலிருந்து வைத்தால் மெல்ல ஊர்ந்து இறங்கும். கோட்டைத் தாண்டும் பொறியைப் பச்சைக் குழையால் அடித்து அணைக்க இரு பக்கமும் ஆட்கள் நிற்க வேண்டும். ஒரு நாள் அவசரப்பட்டால், காக்கப் போன காடே கரியாகிவிடும்.

இதையெல்லாம் ஓர் அதிகாரி மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. காட்டிலேயே கிடக்கும் ரேஞ்சருக்குத் தெரிய வேண்டும். அதற்காக 1878-ல் டேராடூனில் வனப் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. இந்தியர்கள் அங்கே ரேஞ்சர் வேலைக்குப் படித்தார்கள்.

அதே 1878-ல் புதிய வனச் சட்டமும் வந்தது. காடெல்லாம் சர்க்காருக்கே சொந்தம் என்று சில அதிகாரிகள் வாதாடினார்கள். கிராமத்தாருக்கு அவர்களுடைய காடு தனியாக வேண்டும் என்று பிராண்டிஸ் வற்புறுத்தினார். சட்டப் புத்தகத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. நடைமுறையில் மிகக் கொஞ்சம்தான் கிடைத்தது.

சென்னை மாகாணம் மட்டும் வெகுநாள் பிடி கொடுக்கவில்லை. காட்டில் ஊராருக்கு உள்ள பாத்தியதைகளைத் தள்ள முடியாது என்று இங்கிருந்த ரெவினியூ போர்டு சொல்லிவந்தது. 1881-ல் பிராண்டிஸே சென்னைக்கு அனுப்பப்பட்டார். 1882-ல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றமாயிற்று. காடரும் மலசரும் ஆனைமலையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய காடு, அனுமதி கேட்டு நுழைய வேண்டிய இடமாயிற்று. கெட்ட எண்ணத்தோடு வைத்த தீ, பழுத்த அனுபவத்தோடு வைத்த தீ என்ற வித்தியாசத்தைச் சட்டம் பார்க்கவில்லை. கரேன் மக்களின் தீயை அத்தனை கூர்மையாகப் பார்த்தவர் கைபட்ட சட்டம் இப்படி அமைந்தது வருந்தத் தக்கதுதான்.

மாணவர்கள் கண்ட புதிர்

1883-ல் பிராண்டிஸ் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். ஆனால் பாடம் சொல்வதை நிறுத்தவில்லை. இந்திய வன உத்தியோகத்துக்குப் படித்த இளைஞர்களை ஐரோப்பியக் காடுகளுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கிப்போர்ட் பிஞ்சோ என்ற அமெரிக்க இளைஞருக்கும் வழிகாட்டினார். பிஞ்சோ 1905-ல் அமெரிக்க வன இலாகாவின் முதல் தலைவரானார். அந்த இலாகா பல பத்தாண்டுகள் காட்டுத்தீ அனைத்தையும் அணைத்தே தீர்வது என்று நின்றது. சருகும் கட்டையும் சேர்ந்து தீ முன்னைவிடப் பெரிதாக எரிந்த பிறகுதான், அளவாகக் கொளுத்துவதற்கு அங்கே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பாடம் பர்மாவில் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிட்டது. பல ஆண்டுகள் தீயே படாமல் காத்த ஈரக் காடுகளில் புதிய தேக்குக் கன்றுகளைக் காணோம்! மூங்கிலும் புதரும் மூடிக்கொண்டன. தேக்கு விதையின் ஓடு கெட்டி. அது முளைக்கச் சூடு உதவும். இளங்கன்று எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நிழல்தான் அதற்கு ஆகாது. பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று 1896-ல் ஒரு வன அதிகாரி பத்திரிகையில் எழுதினார். பெரிய விவாதம் கிளம்பியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஈரக் காடுகளில் தீத்தடுப்பைப் படிப்படியாகக் கைவிட்டார்கள்.

அதற்காக எல்லாக் காட்டிலும் தீ வைக்கலாம் என்று அர்த்தமல்ல. சோலைக்காட்டில் ஒரு தீ நுழைந்தால் தலைமுறைக்கும் ஆறாது. 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் தேனி ஜில்லா குரங்கணி மலையில் புல் பற்றி எரிந்தபோது, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். மறுபக்கம், சத்தியமங்கலத்துக்கு அடுத்த பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் வேறொன்றைக் கண்டார்கள். தாங்கள் ஆண்டுதோறும் வைத்த சிறு சருகுத் தீ நின்றபிறகு உண்ணிச்செடி காட்டை அடைத்துவிட்டது என்பது அவர்கள் முறையீடு. ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதுமையில் பிராண்டிஸுக்கு ஒரே வேலை, இந்திய மரங்களைப் பற்றிய புத்தகம். நாலாயிரத்துக்கு மேற்பட்ட மரம், புதர், கொடி, மூங்கில்களை அதில் விவரித்தார். 1906-ல் அது வெளிவந்தது. மறு ஆண்டு மே 28-ந் தேதி, பிறந்த ஊரான பானிலேயே காலமானார். வயது 83.

தென்னாட்டு ரேஞ்சர்கள் படிக்க டேராடூன் வெகு தூரம். 1912-ம் ஆண்டு கோயமுத்தூரில் சென்னை வனக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆனைமலைத் தேக்குக் காடு பக்கத்திலேயே இருந்தது. புல் காயும் பருவத்தில் எந்த வாரம் கோடு எரிப்பது என்று புத்தகத்தில் படித்துப் போன வாலிபர்களுக்கு, மலையில் முன்னால் நடந்து வழிகாட்டியவர்கள் காடர்களும் மலசர்களும்தான்.