வால்த்தர் நெர்ன்ஸ்ட்

வால்த்தர் நெர்ன்ஸ்ட் (ஜூன் 25, 1864 – நவம்பர் 18, 1941) ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பிய வேதியியலாளர் ஆவார். மின்கலங்களின் மின்னழுத்தத்தைக் கணக்கிட உதவும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டையும், வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதிக்கு அடிப்படையான வெப்பத் தேற்றத்தையும் அளித்தவர். 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. மின்விளக்கு ஒன்றுக்காக இவர் உருவாக்கிய பீங்கான் பொருளின் வழிவந்தவையே, நீராவியைப் பகுத்து ஹைட்ரஜன் பெறும் உயர்வெப்ப மின்னாற்பகுப்புக் கலங்களில் மின்பகுளியாகப் பயன்படுகின்றன.

இளமையும் கல்வியும்

நெர்ன்ஸ்ட் அன்றைய மேற்குப் பிரஷ்யாவின் பிரீசன் நகரில் பிறந்தார். இந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. சூரிக், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பர்க் ஆகிய இடங்களில் பயின்று 1887ல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் லைப்சிக் நகரில் வில்லெம் ஓஸ்ட்வால்டின் ஆய்வகத்தில் பணியாற்றினார். 1889ல் தன் பெயரால் அறியப்படும் சமன்பாட்டை வெளியிட்டார். 1892ல் எம்மா லோமையரை மணந்தார். இவர்களுக்கு இரு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர்.

நெர்ன்ஸ்ட் விளக்கு

அக்கால மின்விளக்குகளின் கரி இழை காற்றுப் பட்டால் எரிந்துவிடும். ஆகவே அது வெற்றிடக் குமிழுக்குள் வைக்கப்பட்டது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நெர்ன்ஸ்ட், 1897ல் ஆக்சைடுகளால் ஆன தண்டினை இழைக்கு மாற்றாகப் பயன்படுத்தினார். ஆக்சைடு ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள் என்பதால் காற்றில் எரிவதில்லை. இவர் உருவாக்கிய கலவைகளுள் ஒன்றில் சுமார் 85 விழுக்காடு சிர்க்கோனியம் ஆக்சைடும் 15 விழுக்காடு இட்ரியம் ஆக்சைடும் இருந்தன.

இத்தண்டு குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் அதனைச் சூடாக்க வேண்டும். சூடேறியபின் அதன் மின்தடை குறைந்துகொண்டே போகும். மின்னோட்டம் கட்டுமீறிப் பெருகித் தண்டு அழியாதிருக்க, ஹைட்ரஜன் நிரப்பிய குமிழில் அமைந்த இரும்புக் கம்பி அதனுடன் தொடராக இணைக்கப்பட்டது. தண்டில் மின்னூட்டத்தைச் சுமந்து செல்பவை எதிர்மின்னிகள் அல்ல, அயனிகளே என்பதை நெர்ன்ஸ்ட் உணர்ந்திருந்தார்.

விளக்கின் காப்புரிமையை ஏஇஜி நிறுவனம் பத்து இலட்சம் மார்க் கொடுத்து வாங்கியது. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இவ்விளக்குகள் இடம்பெற்றன. எனினும் ஏற்றியவுடன் ஒளிராமை இதன் பெருங்குறையாக இருந்தது. சில ஆண்டுகளில் உலோக இழை விளக்குகள் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

பிற்காலம்

1905ல் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரான நெர்ன்ஸ்ட், அங்கு வெப்பத் தேற்றத்தை வகுத்தார். முதலாம் உலகப் போரில் இவருடைய இரு மகன்களும் உயிரிழந்தனர். இவருடைய மகள்களுள் இருவர் யூதர்களை மணந்திருந்தனர். நாட்சி ஆட்சியின்போது அவர்கள் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஓய்வுபெற்றபின் சிபெல்லே ஊரிலிருந்த தன் பண்ணையில் வாழ்ந்து, 1941ல் அங்கேயே காலமானார்.

உயர்வெப்ப மின்னாற்பகுப்பு

1937ல் பாவர், பிரைஸ் ஆகியோர் நெர்ன்ஸ்டின் கலவையைத் திட ஆக்சைடு எரிபொருள் கலத்தில் பயன்படுத்தினர். படிகத்தில் ஆக்சிஜன் அயனிகள் இல்லாத வெற்றிடங்கள் வழியாகவே மின்கடத்தல் நிகழ்கின்றது என்பதை 1943ல் கார்ல் வாக்னர் விளக்கினார். இதே கலத்தை எதிர்த்திசையில் இயக்கினால் நீராவி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகின்றது. நீரைப் பகுக்க 25 பாகை செல்சியசில் குறைந்தது 1.23 வோல்ட் தேவை. 800 பாகையில் நீராவிக்குச் சுமார் 0.98 வோல்ட் போதும். தேவைப்படும் ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமே வழங்கிவிடுகின்றது.

கலங்களின் நீடித்துழைப்பு

மின்கடத்தலுக்கு இன்றியமையாத வெப்பமே கலத்தைத் தேய்க்கவும் செய்கின்றது. எதிர்மின்வாயிலுள்ள நிக்கல் துகள்கள் ஒன்றுதிரண்டு பருத்து, இடம்பெயர்கின்றன. எஃகு இணைப்புத் தகடுகளிலிருந்து ஆவியாகும் குரோமியம் நேர்மின்வாயின் செயல்திறனைக் கெடுக்கின்றது. மின்பகுளியும் நேர்மின்வாயும் சந்திக்குமிடத்தில் ஆக்சிஜன் அழுத்தம் மிகுந்தால் மின்வாய் உரிந்துவிடக்கூடும். அவ்விடத்தில் 0.1 வோல்ட் மிகை மின்னழுத்தம், 800 பாகையில் ஆக்சிஜன் அழுத்தம் 70 மடங்குக்கு மேல் உயர்வதற்கு இணையானது என்பதை நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலிருந்தே கணக்கிடலாம்.

இவற்றைக் குறைக்க, இயங்கு வெப்பநிலையும் மின்னோட்டமும் மட்டுப்படுத்தப்படுகின்றன. ஸ்ட்ரான்சியம் கொண்ட நேர்மின்வாய்க்கும் மின்பகுளிக்கும் இடையே சீரியம் ஆக்சைடு படலம் இடப்படுகின்றது. இல்லையேல் இரண்டும் வினைபுரிந்து மின்சாரம் கடத்தாத அடுக்கு உருவாகும். கலத்தை மின்னாற்பகுப்பிலும் எரிபொருள் கலமாகவும் மாறிமாறி இயக்கினால் நேர்மின்வாய்ப் பகுதியின் சிதைவைப் பெரிதும் தவிர்க்கலாம் என டென்மார்க் ஆய்வாளர்கள் 2015ல் காட்டினர். 2021 முதல் 2023 வரை செவ்வாய்க் கோளில் இயங்கிய மாக்சி கருவி, இட்ரியத்துக்குப் பதிலாக ஸ்காண்டியம் சேர்த்த சிர்க்கோனியம் ஆக்சைடு கலங்களைக் கொண்டு அங்குள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது.