வள்ளல் அழகப்பரும் உப்புத்தண்ணி அரிப்பும்

நான் மயிலாடுதுறைக்காரன். எங்க பக்கம் தரங்கம்பாடியில் கரையேற்றிய இரும்புப் படகுகளின் அடியில், வெண்கல ப்ரொப்பல்லர் பக்கத்தில் ஜிங்க் கட்டி பொருத்தியிருப்பதைப் பார்க்கலாம். உப்புத்தண்ணியில் வெண்கலமும் இரும்பும் சேர்ந்தால் பேட்டரிதான், இரும்பு அரிக்கும். ஜிங்க் முந்திக்கொண்டு கரைவதால் படகு பிழைக்கும்.

இந்தச் சங்கதியையெல்லாம் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கடற்கரையே இல்லாத காரைக்குடிக்கு வந்தது நம் அழகப்பச் செட்டியாரால். 1909-ல் கோட்டையூரில் பிறந்தவர். ஆங்கிலத்தில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர், விமானம் ஓட்டவும் கற்றார். கொச்சி ராஜ்யத்தில் நூற்பாலை நடத்தினார். தொழுநோய் உடம்பை உருக்கியது. மனுஷர் கொடுப்பதை நிறுத்தவில்லை.

ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! 25-7-1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 14-1-1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இடையில், 1952-ல் பிறந்ததுதான் நம் கல்லூரி. சொந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

48 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், 5-4-1957 அன்று காலமானார். பிறகு அந்த ஆய்வகத்தார் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடலில் தொங்கவிட்டு, எது எத்தனை நாள் தாங்கும் என்று அளந்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.