மைக் இல்லாத காலத்துப் பாட்டு வாத்தியார்

கல்ச்சுரல்ஸ் முடிந்த மறுநாள் காலையில் எனக்குக் குரலே வரவில்லை. இரண்டு நாள் டிபார்ட்மெண்டுக்காகக் கத்தியதோட பலன். பாட்டு கற்றுக்கொள்ள ஆரம்பித்து அப்போ இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. ஸ, ப, மேல் ஸ இந்த மூன்றையும் ஸ்ருதி ஆப் போட்டுக்கொண்டு ஒழுங்காகப் பிடிக்கவே திணறிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில் பேசாமல் இருப்பதுதான் வைத்தியம் என்று தெரிந்தது. கிசுகிசு என்று பேசுவதும் கூடாதாம், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். அப்படி வாயை மூடிக்கொண்டு கிடந்த நாட்களில் படித்ததுதான் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கை.

இந்தப் பெயரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஒரு அணிக்கே அவர் பெயர்தான். ஆனால் அவர் நம்ம தூத்துக்குடிக்காரர் என்பது எனக்கே அதுவரை தெரியாது.

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தார். அப்பா தாமோதரன், ராமாயணத்தில் கரை கண்டவர். முதல் வாத்தியாரும் அவர்தான். அப்புறம் பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். பதின்ம வயதிலேயே வெண்பா, கலித்துறை எல்லாம் எழுத வந்துவிட்டது. ஆனால் வெண்பா சோறு போடுமா? உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலைக்குப் போனார். துறைமுகத்துக்குப் போகும் வழியில் இன்றைக்கும் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருக்கும் உப்பைப் பார்க்கும்போதெல்லாம் இப்போ எனக்கு அவர் ஞாபகம்தான் வருது. 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ப்ளேஸ்மெண்ட் சீசனில் இருக்கும் நமக்கு இதைப் படித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

ஆரம்பத்தில் நடிகர். எமன், இரணியன், ராவணன், சனீஸ்வரன் மாதிரி பயமுறுத்தும் வேடங்கள். ஒரு கதை சொல்வார்கள். விடிய விடிய நடித்துவிட்டு, சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க அதிகாலையில் நீர்க்கரைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் இவரைப் பார்த்து மிரண்டுபோனாராம். அதிலிருந்து மேடை ஏறுவதை விட்டுவிட்டார் என்பார்கள். கதை எந்த அளவுக்கு உண்மையோ, நடிப்பதை விட்டுவிட்டு எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் போனது உண்மை. நடுவில் துறவியாகக் கோயில் கோயிலாகச் சுற்றினார். சுவாமிகள் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது புதுக்கோட்டைக் கட்டம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை அங்கே இருந்தார். உடும்புத் தோல் போட்ட அந்தச் சின்ன வாத்தியத்தில் தாளக் கணக்கையெல்லாம் கரைத்துக் குடித்தவர். சுவாமிகளைத் தன் பிள்ளை மாதிரியே வைத்துக்கொண்டு இசை நுணுக்கம் சொல்லிக்கொடுத்தார். இதை யோசித்துப் பாருங்க. எழுத்தில் ஏற்கெனவே பெரிய ஆள், மேடையில் பேர் வாங்கியவர், மறுபடியும் ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். நானோ இரண்டு மாசத்தில் சரளி வரிசை போரடிக்குது என்று சினிமாப் பாட்டுக்குத் தாவப் பார்த்தவன்.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா சின்னப் பையனாக அங்கே பயிற்சி எடுத்தவர். அடுத்து 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அது முழுக்கப் பையன்கள் கம்பெனி. பெண் வேடமும் பையன்களே போடுவார்கள்.

அந்தப் பையன்களின் தொண்டை என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால்தான் இந்த வாத்தியார் வேலை எவ்வளவு பெரியது என்று புரியும். மைக் கிடையாது. ராத்திரி தொடங்கினால் விடியும் வரை நாடகம். வசனத்தை விடப் பாட்டு அதிகம். கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டுமென்றால் உச்ச ஸ்ருதியில் பாட வேண்டும். ஹார்மோனியத்தில் கட்டை என்று சொல்வார்களே, ஒரு கட்டை என்றால் ஸி, ஐந்து கட்டை என்றால் ஜி. நம்ம வயசுப் பையன்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் நின்றுவிடுவோம். மேலே போகப் போகக் கத்தித்தான் ஆகணும் என்று நினைப்போம். உண்மையில் கத்தினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்கும், அவ்வளவுதான். வயிற்றிலிருந்து மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வாயைத் திறந்து பாடினால் அதே ஸ்வரம் தூரம் போகும். நம்ம காது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரைதான் ரொம்பக் கூர்மை. பயிற்சி பெற்ற குரலில் அந்த இடத்தில் சக்தி கூடும். ஸிக்னல்ஸ் பேப்பரில் இதைக் கேட்டிருந்தால் நான் பாஸ் ஆகியிருப்பேன்.

இதெல்லாம் சரியாக வந்தாலும் ஒரு விஷயத்தை யாராலும் தடுக்க முடியாது. மகரக்கட்டு. குரல் உடைகிற பருவத்துக்குத் தமிழில் அப்படி ஒரு தனி வார்த்தையே இருக்கிறது. 13, 14 வயசில் குரல்நாண் நீண்டு தடித்துக் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். நமக்கு அது ஸ்கூலில் கிண்டல் பண்ணிச் சிரித்த விஷயம். நாடகக் கம்பெனிப் பையனுக்கு அது பிழைப்பு. நேற்று வரை கதாநாயகி வேடம் போட்டவனுக்கு இன்றைக்குப் பாட்டே வராது. சிலர் மீண்டு வந்தார்கள், பலர் சின்ன வேடங்களுக்கு இறங்கினார்கள். வீட்டுக்கே திரும்பியவர்களும் உண்டு.

அதனால்தானோ என்னவோ, சுவாமிகள் வெறும் குரலை மட்டும் நம்பவில்லை. அவருக்கு முன்னால் நடிகர்கள் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டார்கள். அவர் பாட்டு, வசனம் எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று ஏகப்பட்ட நாடகங்கள். இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் போடும்போது ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட் வருவார்கள். ஒத்திகை கிடையாது. நேரே மேடையில் சந்தித்து விடிய விடிய வள்ளி திருமணம் நடத்துவார்கள். எல்லோருக்கும் அவர் எழுதியதே மனப்பாடம். எந்த லேப்டாப்பிலும் செருகலாம் என்கிற யுஎஸ்பி மாதிரி ஒரு ஸ்டாண்டர்டை நூறு வருஷத்துக்கு முன்னாடியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மதுரைக் கம்பெனியில் சேர்ந்தவர்களில் ஆறு வயசு சண்முகமும் ஒருவன். டி.கே.எஸ். சகோதரர்களில் பின்னால் ரொம்பப் பேர் வாங்கியவர். அந்தப் பையனுக்காகவே ஒரே ராத்திரியில் அபிமன்யு நாடகத்தை சுவாமிகள் எழுதி முடித்தார்.

கடைசிக் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் முடங்கியது, பேச்சும் போய்விட்டது. கம்பெனி தொடர்ந்து நடந்தது. அவர் சொல்லிக்கொடுத்த பாட்டைப் பையன்கள் மேடையில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தப்பாகப் பாடினால் திருத்த அவரிடம் குரல் இல்லை. நாலு நாள் பேச முடியாமல் இருந்ததற்கே நான் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தேன். இந்த இடத்தைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

சண்முகம் பெரியவராகி, மகரக்கட்டையும் தாண்டி, 1940-களில் கிழவி வேடம் போட்டு ஔவையாராகவே மேடையில் வாழ்ந்தார். ஊரே அவரை அவ்வை சண்முகம் என்று கூப்பிட்டது. அந்தக் குழுவில் சின்ன வயசில் இருந்தவர் கமல். அவர் மாமி வேடம் போட்ட படத்துக்கு ஏன் அவ்வை சண்முகி என்று பெயர் என்பது எனக்கு இப்போதான் தெரியும். எத்தனை தடவை டிவியில் பார்த்திருப்பேன்.