அளந்து எழுதிய மீனாட்சி அம்மாள்

கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுக்கும் புத்தகம் 'சமைத்துப் பார்'. அதை எழுதிய திருமதி எஸ். மீனாட்சி அம்மாள் 1905-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, குடும்பப் பாரத்தைச் சுமந்தவர். உறவினர்கள் ஓயாமல் சமையல் குறிப்பு கேட்கவே, மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் யோசனைப்படி எழுதத் தொடங்கினார். முதல் பாகம் 1951-ல் வெளிவந்தது. பெரியவர்களின் கைக்கணக்கில் இருந்ததை ஆழாக்கு, பலம் என்று அளவோடு எழுதிவைத்ததே அவர் செய்த பெரிய உபகாரம்.

1962-ல் அம்மாள் காலமானார். அவ்வாண்டில்தான் கிலோகிராம் எடை நாடெங்கும் கட்டாயமாயிற்று.

இன்று தில்லியிலோ புனேயிலோ உள்ள நம் பேத்தியிடம் மின்னணுத் தராசு உண்டு, ஆழாக்கு கிடையாது. பலம் என்பது எடை. 35 கிராம் என்று மாற்றிவிடலாம். ஆழாக்கோ முகத்தல் அளவு. அதற்கு ஒரே கணக்கு உதவாது. 200 மில்லி டம்ளரில் தண்ணீர் 200 கிராம் நிற்கும்; அரிசி சுமார் 170, கோதுமை மாவு சுமார் 110 கிராம்தான்.

ஆகவே வீட்டில் ஆழாக்கு வைத்திருப்பவர்கள் அரிசி, பருப்பு, ரவை, மாவு ஒவ்வொன்றையும் தலைதட்டி அளந்து, நிறுத்து, புத்தகத்தின் ஓரத்தில் கிராமில் குறித்துக் கொடுங்கள். அம்மாளின் கைமணம் அடுத்த தலைமுறைக்கும் பிசகாமல் போய்ச் சேரும்.