கிடார் வாசிக்கத் தெரியாத கிடார் மேதை – லியோ ஃபெண்டர்

(மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவன் எழுதியது)

இளையராஜா பாட்டில் வரும் கிடாரைக் கேட்டுக் கிறங்காதவர் நம்மில் யார்? ஆனால் எலக்ட்ரிக் கிடாரின் கம்பியை மட்டும் மீட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அதற்கு உயிர் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர் என்னும் பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரு தனிக்குரல் கொடுத்த ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவரின் கதையைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயக் குடும்பத்தில் 1909 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தார் லியோ ஃபெண்டர். எட்டு வயதில் கட்டி வந்து இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான். பதின்மூன்று வயதில், உறவினர் ஒருவர் பழைய ரேடியோ சாமான்களை ஒரு பெட்டி நிறைய அனுப்பி வைத்தார். அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை!

நம்மைப்போல அவர் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவரா என்றால், அதுவும் இல்லை. கல்லூரியில் படித்தது கணக்குப்பதிவியல். நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு எழுதினார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போனது. அடுத்து ஒரு டயர் கம்பெனியில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதுவும் போனது. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் என்ற தன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரேடியோ ரிப்பேரோடு மைக் செட் வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் நம் ஊரில் மைக் செட் கட்டுகிறார்களே, அதே தொழில்தான்!

பாட்டுக் கச்சேரிக்காரர்கள் பழுதான ஆம்ப்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எது அடிக்கடி கெடுகிறது, எங்கே சத்தம் போதவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1946-இல் சொந்தக் கம்பெனி. வால்வு கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகளில் இருந்த சர்க்யூட்களை எடுத்து, மாற்றி, வாசிப்பவர்களிடம் கொடுத்துச் சோதித்து, மறுபடி மாற்றுவார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார்களும் இப்படித்தான் பிறந்தன. ஆனால் அவர் மட்டும் கிடார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. வியப்பாக இல்லையா?

அவருடைய ஆம்ப்பைத் திறந்தால் ஒரு ஃபைபர் பலகையில் ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும்படி சால்டர் செய்யப்பட்டிருக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றைப் போடலாம். ரிப்பேர்காரன் செய்த பெட்டி ஆச்சே!

அந்தச் சுலபம்தான் பெரிய கதைக்கு வழி திறந்தது. 1950களில் வந்த பாஸ்மேன் என்ற ஆம்ப்பில் நான்கு பத்து இஞ்சு ஸ்பீக்கர்கள். 1962-இல் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அந்த சர்க்யூட்டைப் பார்த்துத் தன் ஆம்ப்பைச் செய்தார். செய்து கொடுத்தவர்களில் ஒருவர் டட்லி கிரேவன் என்ற பதினெட்டு வயது அப்ரண்டிஸ். நம் வயசு! ஃபெண்டர் முதல் இடத்தில் போட்டிருந்த 12ஏ.ஒய்.7 வால்வுக்குப் பதிலாக இவர்கள் 12ஏ.எக்ஸ்.7 இனத்தைப் போட்டார்கள். முன்னதன் பெருக்கக் காரணி சுமார் 40; பின்னதற்கு 100. அதனால் சத்தம் சீக்கிரமே கரகரத்து உடையும். இதையும் வேறு சில மாற்றங்களையும் சேர்த்து ராக் இசைக்கே புதுக்குரல் கிடைத்தது. அமெரிக்காவில் ராண்டல் ஸ்மித் ஃபெண்டரின் சின்ன பிரின்ஸ்டன் ஆம்ப்பைப் பிரித்து, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் செய்ததிலிருந்துதான் மீசா பூகி கம்பெனி வளர்ந்தது. இன்று சிறு பட்டறைகளில் கையால் செய்து பெரும் விலைக்கு விற்கும் ஆம்ப்கள் பலவற்றின் வேரும் ஃபெண்டர் சர்க்யூட்தான்.

இந்த வால்வு சமாச்சாரமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்க்கிறேன். மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் கிடார் வாசிக்கும் ஒரு அண்ணன், ஃபெண்டர் சர்க்யூட்டைப் பார்த்து யாரோ செய்த பழைய வால்வு ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். விலை உயர்ந்த கையால் செய்த ஆம்ப் மாதிரி இது பாட வேண்டும் என்றார். கடைக்கார மாமா என்னை உடனே தொட விடவில்லை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது ஆளையே கொல்லும் என்று சொல்லி, ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்கச் சொன்னார். நண்பர்களே, இதை நீங்களும் மறக்காதீங்க.

உப்புக்காற்றில் வால்வு சாக்கெட்டெல்லாம் களிம்பு ஏறிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, உப்பிப்போன கப்பாசிட்டர்களை மாற்றியதுமே இரைச்சல் அடங்கிப் பாதி இனிமை திரும்பிவிட்டது. அதற்கப்புறம்தான் முதல் வால்வை மாற்றினோம். இரண்டுக்கும் ஒரே பின் அமைப்பு. கழற்றி மாட்டினால் போதும். சத்தம் தடித்துக் கரகரத்தது. கொஞ்சம் 'உஸ்' என்ற ஓசையும் கூடத்தான் செய்தது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றைப் பொறுத்துக்கொள்ளணும் என்பது அன்று எனக்குப் புரிந்தது. அந்த அண்ணனுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

லியோ உடல்நலம் கெட்டு, 1965-இல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு குணமானதும் சும்மா இருந்தாரா? மறுபடி பட்டறைக்கே போனார். பார்க்கின்சன் நோய் வந்தும் விடவில்லை. இறப்பதற்கு முந்தைய நாள் வரை தன் ஜி அண்டு எல் கம்பெனியில் வேலை செய்தார். 1991 மார்ச் 21 அன்று, 81-ஆவது வயதில் காலமானார்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். டிப்ளமோ படிச்சுட்டு சால்டரிங் அயர்னைப் பிடிச்சுக்கிட்டு உட்காரப் போறியா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அப்பாவும் வாய் திறந்து கேட்கவில்லையே தவிர, மறைமலைநகர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போவேன் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் போகலாம். வீட்டு நிலைமை அப்படி. ஆனால் ரிப்பேர் வேலை படிப்புக்குக் குறைவானது என்று மட்டும் இனி யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒற்றைக் கண்ணோடு, கடன் வாங்கிய 600 டாலரோடு, அடுத்தவர் குறையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு ரிப்பேர்காரர்தான் உலக மேடைகளுக்குக் குரல் கொடுத்தார். நம் லேப் மேஜையில் கிடக்கும் பழைய பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், தோழர்களே! மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டு!