நாவலப்பிட்டி தந்த மக்கள் திலகம்

கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17ஆம் திகதி பிறந்தவர் எம்.ஜி. இராமச்சந்திரன். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் சத்தியபாமா தமிழகத்தில் வளர்த்தார். வறுமை அவரைச் சிறுவயதிலேயே நாடக மேடையேற்றியது.

1936இல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமாகி, 1956இல் அலிபாபாவாகவும் 1958இல் நாடோடி மன்னனாகவும் தமிழர், முஸ்லிம்கள் அனைவரதும் உள்ளங்களைக் கவர்ந்தார். 1977இல் தமிழக முதல்வரானார்; 1987 டிசம்பர் 24ஆம் திகதி மறைந்தபோதும் அப்பதவியிலேயே இருந்தார்.

அவர் பிறந்த மலையகத்திலேயே தங்கிவிட்ட தோட்டத் தொழிலாளரையோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. ஏழைக்காக நீதி கேட்ட திரை நாயகனிடம் அம்மக்கள் ஆறுதல் கண்டனர். குடியுரிமை பின்னர் மீண்டது; லயன் வாழ்க்கை இன்னும் முற்றாக நீங்கவில்லை. அவரது பிறந்த தினத்தில் நாம் அம்மக்களின் காணியுரிமையையும் நினைவில் கொள்வோமாக.